கோப்பை கைமாறியது ஸ்டுட்கார்ட்டில்

நடுவர் அவர்களுக்கும், அவையில் நிறைந்திருக்கும் பெரியவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் தோழர்களுக்கும் என் வணக்கம்.

இன்றைய தலைப்பு: ‘2000–01 புன்டெஸ்லிகா பட்டத்துக்கு உண்மையில் உரியவர்கள் பேயர்ன் மியூனிக்கா, ஷால்கேயா?’ புன்டெஸ்லிகா என்பது ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்; அந்த ஆண்டு அதன் பட்டத்துக்குக் கடைசிவரை மோதிய அணிகள் இவை இரண்டும். நான் பேயர்ன் அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஷால்கேயின் கதையைச் சொல்லி முடித்தபோது இந்த அரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீரை நான் மறுக்கப் போவதில்லை. அந்தக் கண்ணீரை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

தாமதமாக வந்தவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 மே 19, சனிக்கிழமை. லீகின் கடைசி நாள், 34ஆவது வாரம். பேயர்னுக்கு 62 புள்ளி, ஷால்கேக்கு 59. ஹாம்பர்க் போயிருக்கும் பேயர்ன் ஆட்டத்தைச் சமன் செய்தாலே போதும், பட்டம் அவர்களுக்கு. பேயர்ன் தோற்று, ஷால்கே வென்றால் இருவருக்கும் தலா 62. அப்போது கோல் வித்தியாசத்தில், அதாவது போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த கணக்கில், ஷால்கே சாம்பியன்.

கெல்சன்கிர்சென் நகரில் பார்க் ஸ்டேடியத்தில் ஷால்கே அன்று கடைசி லீக் ஆட்டம் ஆடியது. அடுத்த பருவத்துக்குப் புது அரங்கம் தயாராகிக்கொண்டிருந்தது. எதிரே உன்டர்ஹாகிங் என்ற சின்ன அணி, கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடாமல் இருக்கப் போராடுகிறது. 26 நிமிடத்துக்குள் உன்டர்ஹாகிங் இரண்டு கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குள் ஷால்கே இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. மறுபடியும் பின்தங்கியது. பிறகு யோர்க் பேமே ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டார். கடைசியில் எப்பே சாண்ட் ஒன்று போட, 5–3. அந்த நேரத்தில் ஹாம்பர்க்கில் 90ஆவது நிமிடத்தில் செர்கேய் பார்பரேஸ் தலையால் முட்டிக் கோல் அடித்தார். ஹாம்பர்க் 1, பேயர்ன் 0. அங்கே ஆட்டம் முடிந்துவிட்டது என்ற செய்தியும் பரவியது. ஷால்கே ரசிகர்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். 1958க்குப் பிறகு, 43 ஆண்டுக்குப் பிறகு, முதல் பட்டம். பெரியவர்கள் குழந்தை மாதிரி அழுதார்கள்.

ஆனால் ஹாம்பர்க்கில் ஆட்டம் முடியவில்லை. ஷால்கே அரங்கத்தின் பெரிய திரையில் அந்த ஆட்டம் நேரலையாக ஓடத் தொடங்கியது. கூடுதல் நேரத்தில் பேயர்ன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. நாலு நிமிடம் சாம்பியனாக இருந்தவர்கள், அந்தத் திரையிலேயே தங்கள் பட்டம் பறிபோவதைப் பார்த்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை அறுபதாயிரம் பேர் ஒன்றாகக் கண்ணால் பார்த்த நாள் அது.

சகோதரி இங்கே நிறுத்தினார். நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நடுவர் அவர்களே, ஒரு வாரம் பின்னால் போவோம். மே 12, 33ஆவது வாரம். அன்று காலையில் புள்ளிப் பட்டியலில் இரு அணிகளும் சமம், தலா 59. கோல் வித்தியாசத்தில் ஷால்கே முன்னால் நின்றது. அதாவது, முதலிடத்தில் இருந்தது ஷால்கேதான்! கோப்பை அவர்கள் கையில்தான் இருந்தது. அன்று அவர்கள் ஆடப் போனது ஸ்டுட்கார்ட்டுக்கு. ஸ்டுட்கார்ட் அந்த ஆண்டு கீழிறங்கும் பயத்தில் தவித்த அணி. 90ஆவது நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்புறம் பலக்கோவ் ஒன்று போட்டார். ஸ்டுட்கார்ட் 1, ஷால்கே 0.

அதே மாலையில், கிட்டத்தட்ட அதே நிமிடத்தில், மியூனிக்கில் என்ன நடந்தது? கைசர்ஸ்லாட்டர்ன் அணி முதலில் கோல் போட்டு முன்னிலை பெற்றிருந்தது. பேயர்ன் சமன் செய்தது. 1–1 என்று முடியப் போகும் ஆட்டம். மாற்று வீரராக இறங்கியிருந்த அலெக்சாண்டர் சிக்லர் 90ஆவது நிமிடத்தில் அடித்தார், 2–1. ஒரே மாலை. ஓர் அணி கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளியைக் கைவிட்டது. இன்னொரு அணி கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளியைப் பிடுங்கி எடுத்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பருவம் முடிந்தபோது பேயர்ன் 63 புள்ளி, ஷால்கே 62. கோல் வித்தியாசம் பேயர்னுக்கு 25, ஷால்கேக்கு 30. ஸ்டுட்கார்ட்டில் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் தாக்குப்பிடித்து ஆட்டத்தைச் சமன் செய்திருந்தால் ஷால்கேக்கும் 63 வந்திருக்கும். கோல் வித்தியாசத்தில் அவர்கள்தான் சாம்பியன். ஹாம்பர்க்கில் பேயர்ன் எத்தனையாவது நிமிடத்தில் சமன் செய்திருந்தாலும் சரி, அந்தக் கோலுக்கு மதிப்பே இருந்திருக்காது! எதிரணியினர் இருபது நிமிடம் பேசினார்கள். ஸ்டுட்கார்ட் என்ற ஊர்ப் பெயர் ஒருமுறைகூட அவர்கள் வாயில் வரவில்லை. கோப்பை கைமாறிய இடத்தைச் சொல்லாமல், அதை ஊரார் கவனித்த இடத்தை மட்டும் சொன்னார்கள்.

அடுத்து, ஹாம்பர்க் ஆட்டத்தின் நடுவர் மீது வைத்த குற்றச்சாட்டு. ஹாம்பர்க்கில் விசில் ஊதியவர் மார்க்குஸ் மெர்க், கைசர்ஸ்லாட்டர்னைச் சேர்ந்த பல் மருத்துவர். கூடுதல் நேரத்தில் ஹாம்பர்க் தடுப்பாட்டக்காரர் உஃபாலூஷியின் காலில் பட்ட பந்து அவருடைய கோல்கீப்பர் ஷோபரிடம் போனது. ஷோபர் அதைக் கையில் எடுத்தார். சக வீரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்பது 1992இல் வந்த விதி. மெர்க் பெனால்டி பெட்டிக்குள்ளேயே பேயர்னுக்கு மறைமுக ஃப்ரீகிக் கொடுத்தார். வேண்டுமென்றே கொடுத்ததா, பேயர்ன் வீரரோடு மோதியதில் தெறித்துப் போனதா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எதிரணித் தோழர், “அது மெர்க் கொடுத்த பட்டம்” என்றார்.

சரி, மெர்க் தவறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கொடுத்தது என்ன? பெனால்டியா? இல்லை. நேராகக் கோலுக்கு அடிக்கவே முடியாத ஃப்ரீகிக். இன்னொருவர் தொட்ட பிறகுதான் அடிக்க வேண்டும். ஹாம்பர்க் வீரர்கள் கோலுக்கு முன்னால் தோளோடு தோள் நெருக்கிச் சுவராக நிற்கிறார்கள். பந்து போக இடமே தெரியவில்லை. பேயர்னின் எஃபென்பர்க் பந்தை மெல்லத் தட்டி நகர்த்துகிறார். ஓடி வந்து உதைப்பவர் பாட்ரிக் ஆண்டர்சன், ஸ்வீடன்காரர், கோல் போடுவதைத் தொழிலாக வைத்திராத தடுப்பாட்டக்காரர். பந்து தரையோடு தரையாக அந்தக் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போகிறது. பேயர்னுக்காக லீகில் அவர் போட்ட ஒரே கோல் அது. விசில் ஊதியது மெர்க். அந்தக் கால்களுக்கு இடையே வழி கண்டது ஆண்டர்சன். இரண்டும் ஒன்றல்ல.

ஷோபரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் ஷால்கேயில் வளர்ந்தவர், அந்த ஆண்டு ஹாம்பர்க்குக்கு இரவலாகப் போயிருந்தார். தன் சொந்த அணியின் பட்டம் தன் கையிலிருந்து நழுவிப்போனதை அவர் சுமந்தார். எங்கள் அணியில் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு நொடியில் எடுத்த முடிவு அது. எதிரணியும் அவர் பெயரை இழுக்காமல் பேசியது. அதற்கு நன்றி.

இன்னொரு வாதம், வலுவான வாதம், வந்தது. அந்தப் பருவத்தில் ஷால்கே பேயர்னை இரண்டு முறையும் தோற்கடித்தது. உண்மை. மியூனிக்குக்கே போய் 3–1 என்று வென்றார்கள், மூன்று கோலும் எப்பே சாண்ட் போட்டது. அபாரமான ஆட்டம். ஆனால் லீக் என்பது இரண்டு பேர் மோதும் குத்துச்சண்டையா? ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளோடு ஊரிலும் வெளியிலும் ஆடி, மழையிலும் பனியிலும் சேர்க்கும் கணக்கு அது. பேயர்னிடம் ஆறு புள்ளியையும் வாங்கிய அணி, மற்றவர்களிடம் எங்கோ ஏழு புள்ளியைக் கூடுதலாகத் தொலைத்திருக்கிறது என்பதைத்தானே அந்த ஒரு புள்ளி வித்தியாசம் சொல்கிறது? அந்த ஆண்டு முதலிடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் இடையே வெறும் எட்டுப் புள்ளிதான். யாரிடம் வேண்டுமானாலும் யாரும் தோற்கக்கூடிய பருவம் அது. பேயர்ன் 9 ஆட்டங்களில் தோற்றது என்று சுட்டிக்காட்டினார்கள். ஷால்கே 8இல் தோற்றது.

அப்புறம், பேயர்ன் அந்தப் பருவம் முழுக்கச் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையை எதிரணி கணக்கில் சேர்க்கவே இல்லை. முந்தைய பருவத்தில் 13ஆம் இடத்தில் முடித்த ஷால்கேக்கு ஐரோப்பியப் போட்டி கிடையாது. வாரம் ஓர் ஆட்டம், அவ்வப்போது ஜெர்மன் கோப்பை ஆட்டம். பேயர்னோ சாம்பியன்ஸ் லீகில் இறுதிப் போட்டியையும் சேர்த்து 17 ஆட்டம் ஆடியது. மான்செஸ்டர் யுனைடெட்டை வென்று, ரியல் மாட்ரிட்டை வென்று வந்தார்கள். மே 9, புதன்கிழமை இரவு ரியல் மாட்ரிட்டோடு அரையிறுதி. மூன்றே நாளில் கைசர்ஸ்லாட்டர்ன். அந்தக் களைத்த கால்கள்தான் 90ஆவது நிமிடத்தில் கோல் தேடி ஓடின.

இந்த அணிக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது என்று சொல்பவர்கள் அந்த மார்ச் மாதத்தைப் பார்க்க வேண்டும். மார்ச் 3 அன்று ரோஸ்டாக்கில் 3–2 என்று தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு கார்னர். கோல்கீப்பர் ஒலிவர் கான் தன் கோலை விட்டு எதிரணிப் பெட்டிக்கு ஓடிவந்து, பாய்ந்து, பந்தைக் கையாலேயே குத்தி வலைக்குள் தள்ளிவிட்டார். இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியேற்றம். விதிப்படி அது தவறு, நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தோல்வியை உடம்பு ஏற்க மறுத்த மனிதரை அன்று எல்லோரும் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து லியோனில் 3–0 தோல்வி. அன்றிரவு விருந்து மேசையில் கிளப் தலைவர் பெக்கன்பாவர் எழுந்து, வீரர்களின் முகத்துக்கு நேராகவே, நீங்கள் ஆடியது வயதானவர்கள் ஆடும் பந்து என்று வறுத்தெடுத்தார். அந்த அவமானத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் இவர்கள்.

எதிரணியின் கடைசி வாதம் ஊரைப் பற்றியது. கெல்சன்கிர்சென் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். ஷால்கே வீரர்களைச் சுரங்கப் பையன்கள் என்றே செல்லமாக அழைப்பார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஊருக்கு ஒரு மகிழ்ச்சி கிடைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் என் மனமும் சொல்கிறது. அவர்களை ‘இதயங்களின் சாம்பியன்’ என்று ஜெர்மனி அழைத்தது, அந்தப் பெயர் அவர்களுக்கே உரியது. ஒரு வாரம் கழித்து பெர்லினில் யூனியன் பெர்லினை 2–0 என்று வென்று ஜெர்மன் கோப்பையைத் தூக்கினார்கள். இரண்டு கோலும் அதே பேமே. ஆனால் இன்றைய கேள்வி யாருக்குத் தேவை அதிகம் என்பதல்ல, யாருக்கு உரிமை என்பது.

வேதனை ஷால்கேக்கு மட்டும் தெரிந்ததா? 1999 மே 26, பார்சிலோனா. சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 90 நிமிடம் வரை பேயர்ன் 1–0 என்று முன்னிலை. கூடுதல் நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் போட்டது. கானா நாட்டிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர் சாமுவேல் குஃபூர் தரையைக் கையால் குத்திக் குத்தி அழுத காட்சியை உலகமே பார்த்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஹாம்பர்க்கில், பார்பரேஸ் கோல் போட்டதும் அதே குஃபூர் மறுபடியும் தரையில் கிடந்தார். அதே கடைசி நிமிடம், அதே இடி. கான் அவரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இன்னும் நேரம் இருக்கிறது, போ, போ என்று கத்தினார். எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்த அந்த நேரத்தில் முடியவில்லை என்று நம்பியவர்கள் அந்தப் பதினொரு பேர்தான். ஆண்டர்சனின் பந்து வலைக்குள் போன பிறகு, கான் கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு மல்லாந்து விழுந்து கிடந்தாரே, அந்தப் படத்தில் கர்வத்தையா பார்க்கிறீர்கள்? எனக்கு அதில் பார்சிலோனாவின் இரண்டு வருட வலி தெரிகிறது.

நாலு நாள் கழித்து மிலானில் வாலென்சியாவுடன் இறுதிப் போட்டி. 1–1. பெனால்டியில் முடிவு. ஹாம்பர்க்கின் நாயகன் ஆண்டர்சன் அன்று தன் வாய்ப்பைத் தவறவிட்டார். கான் மூன்றைத் தடுத்தார். பேயர்ன் ஐரோப்பிய சாம்பியன். எல்லோரும் துள்ளிக் குதிக்கும்போது கான் மட்டும், அழுதுகொண்டிருந்த வாலென்சியா கோல்கீப்பர் கன்யிசாரெஸிடம் போய்த் தோளில் கைபோட்டுத் தேற்றிக்கொண்டிருந்தார்.

நடுவர் அவர்களே, மே 19இன் பெரிய திரையை எதிரணி உங்கள் முன்னால் வைத்திருக்கிறது. அதன் பக்கத்தில் மே 12இன் இரண்டு தொண்ணூறாவது நிமிடங்களையும் நான் வைக்கிறேன், பலக்கோவ் அடித்ததையும் சிக்லர் அடித்ததையும். மூன்றையும் சேர்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.