காம்பவுண்டு இருக்கிற பில்டிங்கில் வளர்ந்தவர்கள்

வணக்கம் மக்களே! இன்றைக்கு மும்பை செம்பூர் பக்கம், நான் பிறந்து வளர்ந்த திலக் நகரில் நடந்துகொண்டே பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துத் தெருவில் டவர் கட்ட பைலிங் வேலை நடக்கிறது. பேச வந்ததும் அதைப் பற்றித்தான்: பழைய பில்டிங்கை இடித்து டவர் கட்டும்போது, பிள்ளைகள் விளையாடுகிற காம்பவுண்டு என்ன ஆகிறது?

செம்பூரோ முலுண்டோ டோம்பிவிலியோ, மும்பைப் புறநகரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எங்கே சந்தித்தாலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறோம். எல்லோரும் வளர்ந்தது கிட்டத்தட்ட ஒரே மாதிரி காம்பவுண்டில். எங்களுடையது இதோ, இந்தச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற சிமெண்ட் தரை. அவ்வளவுதான் கிரவுண்டு. இடம் கம்மி, அதனால் ரூல்ஸ் ஜாஸ்தி. பந்து சுவரைத் தாண்டினால் அவுட், அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். கீழ் வீட்டு ஜன்னல் கிரில்லில் பட்டாலும் அவுட். ஒரு டிப் விழுந்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்தால் அதுவும் அவுட்.

அப்புறம் கச்சா லிம்பு. மும்பைக்காரர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ரொம்பச் சின்னப் பிள்ளை விளையாட வந்து நின்றால் கச்சா லிம்பு என்று சேர்த்துக்கொள்வோம். அதற்கு பேட்டிங் உண்டு, அவுட் கிடையாது, அடிக்கிற ரன் கணக்கில் வராது. எந்த வீட்டுப் பிள்ளையும் ஓரமாக நின்று ஏங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பெரியவர்கள் யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

ஜனவரியில் பொங்கலும் மகர சங்கராந்தியும் சேர்ந்து வரும். எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் மூன்றாவது மாடிவரை போகும். அதே கிண்ணத்தில் எள்ளுருண்டை திரும்பி வரும். தீபாவளிக்கு மராத்தி வீடுகளிலிருந்து சக்லி, கரஞ்சி, சிவ்டா. சக்லியை அம்மா முறுக்கு என்றுதான் சொல்வாள், நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மட்டும் ஒரு வருஷம் யோசிப்பாள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பில்டிங்தான் முதல் நிறுத்தம். லோக்மான்ய திலக் டெர்மினஸ் இங்கேயிருந்து பக்கம், பழைய ஆட்களுக்கு இன்னமும் அது குர்லா டெர்மினஸ். கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸில் யார் வந்து இறங்கினாலும் எங்கள் வீட்டுத் தரையில் ஒரு பாய் விழும். இடம் போதாவிட்டால் எதிர்வீட்டு ஹாலில் விழும், கேட்க வேண்டியதே இல்லை.

2005 ஜூலை 26 இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. லோக்கல் ரயில் நின்றுவிட்டது, பில்டிங் அப்பாக்கள் பலர் அன்று ராத்திரி வீடு வந்து சேரவில்லை. கீழ்த்தள வீட்டு ஆஜியின் (மராத்தியில் பாட்டி) சாமான்களை நாங்கள் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினோம். முதலில் கணபதி, அப்புறம் கேஸ் சிலிண்டர், அப்புறம் மெத்தை. ஆஜி போட்ட வரிசை அது. யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன மாத்திரை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தினமும் கீழே நின்று பேசியதால்தான் தெரிந்தது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திலக் நகரில் மஹாடா, அதாவது மாநில அரசின் வீட்டு வசதி வாரியம், கட்டிய பழைய பில்டிங்குகள் ஒவ்வொன்றாக ரீடெவலப்மென்டுக்குப் போகின்றன, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டப்படுகின்றன. அது வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மழைக்காலத்தில் சீலிங் ஒழுகுகிறது, லிஃப்ட் இல்லாமல் வயதானவர்கள் படி ஏற முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். புது வீடு கட்டாயம் வேண்டும். ஆனால் பல பிளான்களில் தரை முழுக்க கார் பார்க்கிங். பிள்ளைகளுக்கு பார்க்கிங்குக்கு மேலே இருக்கிற மேடைத் தளத்தில், போடியம் என்பார்கள், ரப்பர் விரித்த ஒரு மூலை, அங்கே பந்து விளையாடத் தடை என்று ஒரு போர்டு. போகிறவர் வருகிறவர் யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். ஆஜி காய்கறிப் பையோடு நடுவில் நடந்து வந்து ஆட்டத்தை நிறுத்துவதும் கிடையாது. லிஃப்ட் நேராக பார்க்கிங்கில் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை எப்போது பார்ப்பது?

பேச்செல்லாம் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்குகிற பரப்பு), கட்டி முடிக்கும்வரை பில்டர் தருகிற வாடகை, அவர் மொத்தமாகத் தருகிற கார்ப்பஸ் பணம் இதிலேயே முடிந்துவிடுகிறது. நியாயம்தான், பணம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் பில்டரிடம் பேரம் பேசும் பலம் நமக்குக் கையெழுத்துப் போடும்வரைதான். அதனால் உங்கள் சொசைட்டியில், அதாவது பில்டிங் வீட்டுக்காரர்கள் சங்கத்தில், பிளான் வந்திருந்தால் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். தரைமட்டத்தில், கார் வராத, வானம் தெரிகிற இடம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் பொதுக்குழு வரும் ஞாயிற்றுக்கிழமை. நான் இதே கேள்வியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். செக்ரட்டரி என்ன பதில் சொன்னார் என்பதை அடுத்த வீடியோவில் அப்படியே சொல்கிறேன்.