தக்காளிக்குக் கத்தரி வேர்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இந்தச் செடியைத் தெரியும். காலையில் நிமிர்ந்து நிற்கும். உச்சி வெயிலில் துவளும். சாயங்காலம் கொஞ்சம் தேறும். மூன்று நாலு நாளில், இலை பச்சையாக இருக்கும்போதே ஒரேயடியாகத் தொங்கிவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சினால் அடுத்த செடியும் சாயும். இதுதான் பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற மண் பாக்டீரியா வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகி அவற்றை அடைத்துக்கொள்கிறது. வயலுக்குள் வந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் தங்கும். இலைமேல் தெளிக்கிற மருந்து அதை எட்டாது.

தக்காளி நாற்றைக் கத்தரி வேரின்மேல் ஒட்டுக்கட்டி நடுவது இதற்கு ஒரு வழி. சந்தூரில் மாங்கன்று வாங்கி நட்டவர்களுக்கு ஒட்டு என்பது புதிதல்ல. அங்கே பென்சில் கனக் குச்சி, இங்கே ஊதுவத்திக் குச்சி கனம், அவ்வளவுதான். கடையில் ‘வீரிய ஒட்டு ரகம்’ என்று விற்கும் விதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது இரண்டு ரகங்களைக் கலப்பு செய்து எடுத்த விதை. ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுவதால் குழப்பம் வருகிறது.

ஒட்டு நாற்று சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு விலை. ஆகவே பணம் கொடுக்குமுன் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இழை இறங்காமல், அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் பியூசேரியம் பூஞ்சை. வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் நூற்புழு. இந்த மூன்றுக்கும் எதிர்ப்புள்ள வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி, உண்டு. இலை சுருண்டு செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். வேரை மாற்றி அதைத் தடுக்க முடியாது. அதற்கு எதிர்ப்பு ரகத்திலேயே இருக்க வேண்டும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் அப்படிப்பட்டது. இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கியது.

வேர்ச்செடிக்கு எந்தக் கத்தரி? தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் தக்காளிக்குப் பரிந்துரைப்பது இ.ஜி. 195, இ.ஜி. 203 என்ற கத்தரி வகைகள். வாடல், நூற்புழு தவிர, சில நாள் தேங்கும் தண்ணீரையும் இவற்றின் வேர் தாங்கும். நம் ஊர் சுண்டைக்காய் வேர் கத்தரி ஒட்டுக்கு நன்றாகப் பொருந்தும். தக்காளிக்கு அவ்வளவு நம்ப முடியாது. முளைப்பதும் தாமதம், ஒரே சீராகவும் வராது.

வெட்டிய இரண்டு தண்டும் எப்படிச் சேர்கின்றன என்பதில் சமீபத்தில் நல்ல ஆராய்ச்சிகள் வந்துள்ளன. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு 2020-ல், வெட்டுவாயில் செல்கள் ஒட்டிக்கொள்வதற்கு அவை வெளிவிடும் குளுக்கனேஸ் என்ற நொதி துணை செய்கிறது என்று காட்டியது. நெல், வாழை போன்ற, விதையில் ஒரே விதையிலை உள்ள ஒருவித்திலைப் பயிர்களை ஒட்டுக்கட்ட முடியாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021 கடைசியில், விதைக்குள் இருக்கும் இளம் கருத்திசுவைக் கொண்டு அதையும் செய்து காட்டிவிட்டார்கள். நம் பண்ணைக்கு உடனே பயன்படும் செய்தி வேறொன்று. ஆராய்ச்சிக்கூடத்துச் சிறு செடியில், உணவு செல்லும் குழாய் சுமார் 3 நாளிலும், தண்ணீர் ஏறும் குழாய் சுமார் 7 நாளிலும் இணைகின்றன. அந்த ஒரு வாரம் மேல்துண்டுக்கு வேரிலிருந்து தண்ணீர் சரியாக வராது. ஒட்டு பிழைப்பதும் சாவதும் அந்த வாரத்தில்தான்.

கத்தரி மெதுவாக வளரும் என்பதால் தக்காளிக்குச் சில நாள் முன்பே குழித்தட்டில் விதையுங்கள். இரண்டும் விதையிலைக்குப் பின் வரும் உண்மை இலைகள் 2 அல்லது 3 கொண்டு, தண்டு ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும்போது ஒட்டுக்கட்ட வேண்டும். நிழலில், சாயங்காலம் செய்வது நல்லது. புது பிளேடால் இரண்டு தண்டையும் 30 முதல் 45 பாகை சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டி, கத்தரியின் அடித்துண்டின்மேல் தக்காளியின் மேல்துண்டை வையுங்கள். மழுங்கிய பிளேடு தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். வெட்டுவாய்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தியபின் சிலிக்கோன் கிளிப் போடுங்கள். கனம் பொருந்தாவிட்டால் ஒரு பக்க ஓரத்தையாவது நேராக வையுங்கள். பீடி, புகையிலை தொட்ட கையோடு நாற்றைத் தொட வேண்டாம். புகையிலைத் தேமல் வைரஸ் அப்படியும் வரும்.

பிறகு நிழல்வலைக்குள் பாலித்தீன் கூடாரம். 25 முதல் 30 டிகிரி வெப்பம், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், முதல் 2, 3 நாள் இருட்டு. இங்கே பங்குனி, சித்திரையில் வெயில் நேராக விழுந்தால் கூடாரத்துக்குள் நாற்று வெந்துவிடும், ஈரச்சாக்கு போர்த்துங்கள். தரையில் தண்ணீர் நிறுத்தலாம், நாற்றின்மேல் தெளிக்கக் கூடாது. கூரையைச் சாய்வாகக் கட்டினால் வியர்க்கும் நீர் ஓரமாக வழிந்துவிடும். தட்டையாக இருந்தால் சொட்டுச் சொட்டாக வெட்டுவாயில் விழும். 4-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். துவண்டால் மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். பயந்துகொண்டு பத்து நாளுக்கு மேல் மூடியே வைத்தால் மேல்துண்டிலிருந்தே வெள்ளை வேர் இறங்கத் தொடங்கும். அந்த நாற்று உதவாது. வெளியே எடுத்தபின் இன்னொரு வாரம் நிழலில் பழக்கி நடலாம்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நாலு விரற்கடையாவது இருக்கட்டும். வழக்கம்போல மண் அணைத்தால் தக்காளித் தண்டே வேர்விட்டு மண்ணில் இறங்கும், கொடுத்த காசு வீண். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கத்தரித் தளிர்களைக் கிள்ளிவிடுங்கள். குச்சி நட்டுக் கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பெருங்காற்றில் ஒட்டு இருக்கும் இடத்தில்தான் முறியும்.

இன்னொன்று. கத்தரி வேர் நோயைத் தாங்குகிறது, கிருமியைக் கொல்வதில்லை. வாடாத செடியின் வேரிலும் அது இருக்கலாம். கடைசிப் பறிப்பு முடிந்ததும் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்த வயலில் ஓட்டிய கலப்பையையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த வயலில் இறக்க வேண்டாம். அடுத்த போகத்தில் மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு தவிர்த்து, கேழ்வரகோ மக்காச்சோளமோ போடுங்கள்.

வணக்கம்.