ஆயிரம் ரூபாய் வரவில்லை, படிப்பை நிறுத்திவிடலாமா?

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். கேள்வியை அப்படியே வாசித்துவிடுகிறேன்.

"மேடம், என் மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது அரசு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்றார்கள், மூன்று மாதமாக ஒன்றும் வரவில்லை. இரண்டு பேப்பர் அரியர் வேறு. என் மச்சான் மகள் அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் படித்து, உதவித்தொகை வாங்கியே பெரிய யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டாள். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதா? இல்லை, நிறுத்திவிட்டு திருப்பூர் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடலாமா?"

அண்ணன், நிறுத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் மச்சான் மகள் படித்தது என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது வீட்டுக்குப் பக்கத்திலேயே, குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் படிக்கிற இடம். முடித்தால் வேலைக்குப் போகலாம், அல்லது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். 1901இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் இது தொடங்கியது. நம் ஊரில் 'சமுதாயக் கல்லூரி' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் குறுகிய காலத் தொழில் படிப்பு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அதற்கு நெருக்கமான வழி உங்கள் மகள் இப்போது படிக்கிற பாலிடெக்னிக்தான். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். அதாவது, நீங்கள் கேட்கிற வழியில் உங்கள் பிள்ளை ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டாள்.

அங்கேயும் சேர்ந்தவர்கள் எல்லாம் முடித்துவிடுவதில்லை. பாதியில் நிற்பதுதான் அங்கே பெரிய கவலை. அதற்காக நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் 'ஏசாப்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மற்ற உதவித்தொகை போக மீதிக் கட்டணத்தை அவர்களே கட்டினார்கள், புத்தகத்துக்கு உதவினார்கள், பஸ், ரயில் பாஸ் கொடுத்தார்கள். கூடவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆலோசகர். அவரை அடிக்கடி போய்ப் பார்த்தே ஆக வேண்டும். குலுக்கல் மாதிரி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் திட்டம் இல்லாதவர்களில் நூற்றுக்கு 22 பேர் முடித்தார்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 40 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பணம், பஸ் பாஸ், 'ஏன் இந்த வாரம் வரவில்லை?' என்று கேட்க ஓர் ஆள், மூன்றும் சேர்ந்து கிடைத்தபோது வந்த கணக்கு இது.

இருபது வருடத்துக்கு மேல் டெல்டா கல்லூரிகளில் பாடம் எடுத்தவள் நான். நான் பார்த்த வரைக்கும் நம்மிடம் பணத்துக்குத் திட்டம் இருக்கிறது, பஸ் பாஸும் இருக்கிறது. மூன்றாவதாகச் சொன்னேனே, 'ஏன் வரவில்லை?' என்று கேட்கிற ஆள், அந்த ஆள்தான் பல பிள்ளைகளுக்கு இல்லை.

சரி, ஆயிரம் ரூபாய்க்கு வருவோம். அது புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. நம் மயிலாடுதுறை பக்கம் மூவலூரில் வாழ்ந்து, பெண்களுக்காகப் போராடிய இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருப்பது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். கல்லூரி மூலம் பதிந்த பிறகும் வரவில்லை என்றால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது வங்கிக் கணக்கின் மேல்தான்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பாஸ்புக் நகலோடு ஆதார் நகலைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்துத்தான் போகிறது, ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான். அந்த வங்கியோடு ஆதாரை இணைப்பதை 'ஆதார் சீடிங்' என்பார்கள். பள்ளியில் படிக்கும்போது ஒரு வங்கியில் கணக்கு, கல்லூரியில் முகாம் போட்டு இன்னொரு வங்கியில் கணக்கு, இப்படிப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று இருக்கும். கையில் வைத்திருப்பது ஒரு பாஸ்புக், பணம் போய் விழுவது வேறு கணக்கு. முத்துப்பேட்டை பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அப்பா இல்லை, அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். எட்டு மாதமாக வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். போய்ப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பில் திறந்த கணக்கில் எட்டாயிரமும் பத்திரமாகக் கிடக்கிறது. அந்தப் பாஸ்புக் தொலைந்தே மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு முறை டி.சி. கேட்டுவிட்டாள், தெரியுமா? பணம் இருந்தது, அதைச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது. ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கியில் சீடிங் ஆகியிருக்கிறது என்று பார்க்கலாம். மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், அவ்வளவுதான்.

அப்புறம், தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு 'பிரகதி' என்று மத்திய உதவித்தொகை இருக்கிறது. வருடத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் வரிசையில் எடுப்பதால் எல்லோருக்கும் கிடைக்காது, ஆனாலும் போட்டு வையுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி ஒரு பாலிதீன் கவரில் போட்டு வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓலை வீட்டுப் பிள்ளைகள் நனைந்த மார்க் ஷீட்டை வெயிலில் காயவைத்ததைப் பார்த்தவள் நான்.

அரியர் விஷயம். இதற்காக அவளைத் திட்டாதீர்கள். நம் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் அந்தப் பணம் நின்றுபோனது. படிப்பும் நின்றது. பிறகு நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார், 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. நடுவில் அந்தப் பையன் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவரையே விடாத அரியர், நம் பிள்ளையை விடுமா?

அவள் எப்போதெல்லாம் லீவு போட்டாள் என்று ஒருமுறை பாருங்கள். சம்பா நடவு, தை அறுவடை, அந்த நாட்களாகத்தான் இருக்கும். வகுப்பில் வருகைப் பதிவைப் பார்த்தாலே எந்த ஊரில் நடவு என்று எனக்குத் தெரிந்துவிடும். வீட்டில் கை தேவை, எனக்குப் புரிகிறது. லேப் இருக்கிற நாளில் மட்டுமாவது அவளை வயலுக்குக் கூப்பிடாதீர்கள். லேப் போனால் திரும்பச் செய்ய முடியாது. தியரியைத் தோழியிடம் நோட்டு வாங்கியாவது படித்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை மகளோடு நீங்களும் காலேஜுக்குப் போங்கள். புதுமைப் பெண் திட்டத்தைப் பார்க்கிற ஆசிரியர் யார் என்று கேட்டு, அவரைப் பார்த்து, அவள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகியிருந்தால் அங்கிருந்து நேராக வங்கிக்கு. அரியர் பாடம் எடுக்கிறவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். கூலி ஒரு நாள் போகும், பரவாயில்லை அண்ணன். பணம் எந்தக் கணக்கில் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அங்கேயும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், அடுத்து யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.