இரண்டு பேர் மிஞ்சிய ஊர்

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு சின்ன ஊரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் ஹோலஷோவிட்சே. செக் நாட்டின் தெற்கில், செஸ்கே புடேயோவிட்சே நகரத்துக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

நடுவில் நீளமான புல்வெளி. அதில் ஒரு குளம், 1755-இல் கட்டிய சிறிய கிறிஸ்தவக் கோயில், ஒரு கொல்லன் பட்டறை. புல்வெளியைச் சுற்றி வரிசையாகப் பண்ணை வீடுகள். ஒவ்வொரு வீடும் தன் குறுகிய பக்கத்தைப் புல்வெளிக்குக் காட்டி நிற்கும். பக்கத்தில் வளைவு வாசல். உள்ளே முற்றம், தொழுவம், களஞ்சியம். அதற்கும் பின்னால் தோட்டமும் வயலும். ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் ஒரே கோட்டில் அமைந்துவிடும்.

இந்த ஊரின் பெயர் ஏட்டில் வருவது 1263-இல். 1292-இல் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னர் இதை விஷ்ஷி பிராட் என்ற கிறிஸ்தவத் துறவி மடத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் 1520-க்கும் 1525-க்கும் இடையில் கொள்ளைநோய் வந்தது. பிழைத்தவர்கள் இரண்டே பேர். ஊரே வெறிச்சோடிப் போனது. மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அப்படித்தான் இது ஜெர்மன் பேசும் ஊரானது. 1895-இல் இங்கே 157 ஜெர்மானியர்கள், 19 செக்கர்கள்.

இன்று நாம் வியந்து பார்க்கும் முகப்புகள் 1848-க்குப் பிறகு வந்தவை. அந்த ஆண்டில்தான் ஆஸ்திரியப் பேரரசில் பண்ணையடிமை முறையின் மிச்சமும் ஒழிந்தது. நிலம் தன்னுடையது என்றானதும் விவசாயிக்கு வீட்டை அழகு பார்க்கத் தோன்றாதா? கிராமத்துக் கொத்தனார்கள் தேவாலயங்களிலும் மாளிகைகளிலும் பார்த்த வளைவுகளையும் சுருள்களையும் காரையில் கொண்டுவந்தார்கள். பரோக் என்பது வளைவும் அலங்காரமும் நிறைந்த பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி; அதனால் நாட்டுப்புற பரோக் என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு அரண்மனைகளைவிட இதுதான் பெரிது. கூலி கொடுத்தவனும் விவசாயி, அதில் குடியிருந்தவனும் விவசாயி.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஊர் மறுபடியும் காலியானது. நாஜிகள் செய்த கொடுமைக்குப் பிறகு, செக்கோஸ்லோவாகியா ஜெர்மானியர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. சுமார் நானூறு ஆண்டுகளாக வேர்விட்டிருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன.

ஒன்றை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆளில்லாததும் இந்த வீடுகள் தப்பியதற்கு ஒரு காரணம். 1990-க்குப் பிறகு பழுது பார்த்து, மறுபடி குடியேறினார்கள். 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பல முகப்புகளில் வீடு கட்டிய ஆண்டு எழுதியிருக்கும். போனால் அந்த எண்களை நிதானமாகப் படித்துக்கொண்டே புல்வெளியை ஒரு சுற்று நடந்து வாருங்கள்.