கேட்பாரற்ற தங்கவயல்

நேயர்களுக்கு வணக்கம்.

விடிவதற்கு வெகுமுன்பே கர்நாடகத்துக் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருவுக்குப் போகிறது. சாப்பாட்டுப் பையை மடியிலும் தலையை ஜன்னல் கம்பியிலும் வைத்து உறங்கியபடி போகிறவர்களில் பலர், கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது முதலில் இந்த ஊருக்குத்தான். பெங்களூருத் தெருக்களில் விளக்கெரிய 1905 ஆயிற்று.

வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த மக்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் பாறை உடைத்தார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த வறுமையை வேலையின்மை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அது சரியல்ல என்பது என் கருத்து. பொழுதுக்கு முன் ரயிலேறி இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்களை வேலையற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது?

வீடு, தண்ணீர், விளக்கு, மருத்துவமனை அனைத்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கம்பெனி கொடுத்தவையாகவே இருந்தன. கம்பெனி போனதும், ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழும் லைன் வீடுகளுக்குக் கேட்பாரில்லை. சுரங்கத்தை நடத்திய அந்தக் கம்பெனி மத்திய அரசின் சுரங்க அமைச்சகத்தைச் சேர்ந்தது, நகராட்சியோ மாநில அரசுடையது. ஆகவே ஒரு சாக்கடை உடைந்தாலும், அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

இந்த ஊரில் கம்பெனிக் காலத்திலேயே உலர் கழிப்பிடங்கள் இருந்தன என்பதையும், அவற்றை மனிதர்களே கையால் அள்ளினார்கள் என்பதையும் மறந்துவிட்டு, பழைய நாளைப் பொற்காலம் என்று பேச எனக்கு மனம் வருவதில்லை. அந்த இழிவுக்கு எதிராகப் போராடி 2016இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் பிறந்தது இதே தங்கவயலில்தான்.

சுரங்கம் விட்டுச்சென்ற மற்றொன்று, பொன்னைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய சயனைடு மண். வெளியூர்க்காரர் பார்த்தால் வெண்சாம்பல் நிறக் குன்று என்றே நினைப்பார். கோடைக் காற்று வீசும்போது அந்தத் தூள் கொடியில் காயும் துணியிலும், மூடாத சோற்றுப் பானையிலும் படிகிறது. சுரங்கத்துக்குள் பாறைத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்ட முதியவர்களுக்கோ, இருமலுக்குக் காரணம் காசநோயா, அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயா என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு. நோய்க்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால், அது தொழிலால் வந்தது என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தேடி அவர்களும் அந்த விடியற்காலை ரயிலில்தான் ஏற வேண்டியிருக்கிறது.