கப்பலில் ஏறும் ஒயின் பாட்டில்

வணக்கம் நேயர்களே.

சிங்கப்பூரில் ஏறி நான்கைந்து நாள் கடலில் சுற்றிவரும் சொகுசுக் கப்பலுக்கு மதுரையில் பணம் கட்டுகிறவர்கள், டிராவல்ஸ் அலுவலகத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “கல்யாண நாளுக்கு ஒரு ஒயின் பாட்டில் கையோடு எடுத்துப் போகலாமா?” கேட்பதில் தயக்கமே வேண்டாம். பல கப்பல்களில் அனுமதி உண்டு. சிலவற்றில் அறவே கிடையாது. எந்தக் கப்பல் என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ராயல் கரீபியன் கப்பல்களில், மது அருந்தும் வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெய்ன் பாட்டில் ஒன்று கொண்டுவரலாம். பிரின்சஸ், கார்னிவல் நிறுவனங்களும் ஆளுக்கு ஒன்று என்றே வைத்திருக்கின்றன. நார்வீஜியன் கப்பல்களில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கட்டணம் உண்டு. எம்.எஸ்.சி., கோஸ்டா இரண்டும் வெளி மதுவை ஏற்பதில்லை. சென்னையிலிருந்து புறப்படும் கார்டீலியா கப்பலிலும் வெளியிலிருந்து மது கொண்டுபோக முடியாது. இந்த விதிகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. அதனால் சீட்டோடு வரும் நிபந்தனைகளில் மதுவைப் பற்றிய பகுதியைப் பயணத்துக்கு முந்தின வாரம் ஒருமுறை வாசித்துவிடுங்கள். போன வருடம் போய்வந்தவர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அனுமதி என்பது ஒயினுக்கும் ஷாம்பெய்னுக்கும் மட்டும்தான். பிராந்தி, விஸ்கி, பீர் இவற்றுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. அட்டைப் பெட்டியில் வரும் ஒயினும் ஆகாது. கண்ணாடி பாட்டிலாக, ஆலையில் போட்ட மூடி உடையாமல், லேபிளோடு இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகத்தின் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்தப் பழத்தில் வீட்டில் ஊறவைத்த ஒயினைக் கப்பலுக்கு எடுத்துப் போகாதீர்கள். லேபிள் இல்லாததால் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. வீட்டு ஒயினில் பெரும்பாலும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் மிச்சமிருக்கும். வெயிலில் சூடேறினால் நொதித்தல் மறுபடி தொடங்கும். கரியமில வாயு சேரும். கார்க் தெறிக்கும், சில நேரம் பாட்டிலே வெடிக்கும். பெட்டியில் இருக்கிற பட்டுப்புடவை அதோடு போய்விடும்.

அடுத்து, பாட்டிலை எங்கே வாங்குவது? மதுரையில் வாங்கிச் சுமக்க வேண்டாம், கப்பல் ஏறும் ஊரில் வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. விமானத்தின் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது. ஆகவே இங்கே வாங்கிய பாட்டில் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். 24 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் என்பதால் ஒயினுக்கு விமானப் பாதுகாப்பு விதி தடை சொல்வதில்லை. ஆனால் நிரம்பிய பாட்டில் ஒன்றே 1.2 முதல் 1.5 கிலோ எடை. இரண்டு வைத்தால் மூன்று கிலோ வரை போய்விடும். சரக்கு அறையிலும் காற்றழுத்தம் சீராக இருப்பதால் பாட்டில் தானாக உடையாது. பெட்டியைத் தூக்கி எறியும்போதுதான் உடையும். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, கெட்டித் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி இருக்கும்படி வையுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். முப்பது டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், பழச்சுவை போய் வேகவைத்த சுவை வந்துவிடும்.

சிங்கப்பூரிலோ சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் பகுதியிலேயே டியூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. 18 வயது நிறைந்தவர், 48 மணி நேரத்துக்குக் குறையாமல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்துவிட்டு வருகிறவர், மலேசியாவிலிருந்து வராதவர் என்றால், இரண்டு லிட்டர் ஒயின் வரை வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர்தான். கணவன் மனைவிக்கு ஆளுக்கு ஒன்று, கணக்கு சரியாக வருகிறது.

கப்பல் ஏறுகிற அன்று பாட்டிலைக் கைப்பையில் வைத்திருங்கள். போர்ட்டரிடம் கொடுத்தனுப்பும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பெரிய பெட்டிகள் எல்லாம் எக்ஸ்-ரேயில் போகும். பாட்டில் தெரிந்தால் அந்தப் பெட்டி உங்கள் அறைக்கு வராது. சாயங்காலம் நீங்களே தேடிப்போய், பாதுகாப்பு ஊழியர் முன்னால் திறந்து காட்ட வேண்டிவரும். மாற்றுத்துணியும் மாத்திரையும் அதற்குள் இருந்தால் அதுவரை சிரமம்தான். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லாப் பாட்டிலையும் ஒரே பையில் போடாமல், அவரவர் பாட்டிலை அவரவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அனுமதி பெரும்பாலான கப்பல்களில் முதல் நாளுக்கு மட்டும். வழியில் துறைமுகத்தில் நீங்கள் வாங்கும் பாட்டிலைக் கப்பல் ஊழியர்கள் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி இரவில்தான் திருப்பித் தருவார்கள்.

கார்க்கேஜ் என்ற கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டிலைக் கப்பலின் சாப்பாட்டுக்கூடத்தில் திறந்து பரிமாறுவதற்கு வாங்கும் தொகை அது. கார்னிவலில் 15 அமெரிக்க டாலர். பிரின்சஸில் அறையிலேயே குடித்தால் அந்த ஒரு பாட்டிலுக்குக் கட்டணம் இல்லை. நார்வீஜியனில் எங்கே குடித்தாலும் 15 டாலர், ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு 30. டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலே 15 டாலர் 1,275 ரூபாய். 800 ரூபாய் ஒயினுக்கு இதைக் கட்டுவது வீண். விசேஷத்துக்கென்று தேடி வாங்கிய நல்ல பாட்டிலுக்கு மட்டும் கட்டலாம். மேஜையில் மிச்சமானால் பரிமாறுபவரிடம் கொடுங்கள். அறை எண்ணை எழுதி ஒட்டி மறுநாளைக்கு வைத்துத் தருவார்.

அறையில் திறப்பதற்குத் திருகு மூடி உள்ள பாட்டிலே சௌகரியம். கார்க் என்றால் அறைப் பணியாளரிடம் ஓப்பனரும் கண்ணாடிக் கோப்பையும் கேளுங்கள். அறையிலுள்ள சின்னக் குளிர்பெட்டி அவ்வளவாகக் குளிர்விக்காது. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி உப்பு போட்டு இருபது நிமிடம் வைத்தால் வெள்ளை ஒயின் பதமாகிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடலில் தலைசுற்றும் என்று அவோமின் மாத்திரை போட்டவர்கள் அன்றைக்கு மதுவைத் தொடாதீர்கள். இரண்டும் தூக்கத்தைக் கூட்டுபவை; ஆடுகிற கப்பலில் படியிறங்கும்போது விழுந்து எலும்பு முறியலாம்.

வழியில் மாலத்தீவு வந்தால் பாட்டிலோடு கரை இறங்காதீர்கள். அங்கே பயணிகள் மது கொண்டுவரத் தடை. லட்சத்தீவிலும் பங்காரம் தவிர மற்ற இடங்களில் மதுவிலக்கு.

திரும்பும்போது, கடைசி இரவு கைக்கு வரும் பாட்டில்களை அப்போதே செக்-இன் பெட்டியில் அடுக்கிவிடுங்கள். கைப்பையில் விட்டால் விமான நிலையச் சோதனையில் 100 மில்லி விதியால் பறிபோகும். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரைதான் வரி இல்லை. 750 மில்லியில் மூன்று பாட்டில் என்றால் 2.25 லிட்டர். மூன்றாவதைக் கொண்டுவந்தால் மதுரை விமான நிலையத்தில், வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய், கடைப் பில்லைக் காட்டி, வரி கட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

நன்றி, வணக்கம்.