ஆயிரத்துக்குப் பிறகும் ஒரு கொக்கு

வணக்கம். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்பவர்களுக்கும் வணக்கம். போர் முடிந்த பிறகு என்ன ஆனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் நம்பிக்கை எவ்வளவு இருக்க வேண்டும், விரக்தி எவ்வளவு? பல வருஷமாக என் மனசில் கிடக்கிற கேள்வி இது.

சடாகோ சசாகியை உங்களில் பலர் அறிவீர்கள். 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. ஓட்டப் போட்டியில் ஓடித் திரிந்த பிள்ளைக்குப் பிறகு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்று ஆஸ்பத்திரியில் மடிக்கத் தொடங்கினாள். 1955 ஒக்டோபரில், பன்னிரண்டு வயதில் இறந்துபோனாள். எலினோர் கோயர் 1977இல் எழுதிய சிறுவர் நூலில் அவள் 644 கொக்கோடு நின்றுவிடுகிறாள். மீதியைத் தோழர்கள் மடிக்கிறார்கள்.

ஆனால் அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்று அண்ணன் மசாஹிரோ சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், தாண்டிவிட்டாள். நோய் குணமாகவில்லை. அப்புறமும் மடித்தாள். மருந்து சுற்றி வந்த தாளையும் விடவில்லை. தாள் சிறுக்கச் சிறுக்க, ஊசி முனையால் மடிப்பை அழுத்தி அழுத்திச் செய்த குட்டிக் கொக்குகள்!

644இல் நிறுத்தினால், முடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று கேட்கிற பிள்ளை நினைக்கும். அப்படியானால் குற்றம் யாருடையது? குண்டினுடையதா, மடிக்காத கொக்கினுடையதா? அதனால் நான் தாண்டிய கதையைத்தான் சொல்கிறேன். ஒரு தோட்டப் பாடசாலையில் சொன்னபோது ஒரு சிறுவன், "அப்ப ஏன் சேர் அந்தப் புள்ள இன்னும் மடிச்சிச்சு?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் பின்வாங்கிலிருந்து ஒரு சிறுமி, "சும்மா படுத்துக் கெடக்க ஏலாதுதானே" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

நம் கதைக்கு வருகிறேன். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு இந்த மலையகத் தோட்டங்களிலிருந்து வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன நம் சனத்தில் பலர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பிறகு முகாம்களுக்குள் போனார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேச நினைத்து வந்தேன். நேரம் முடிகிறதென்று கைகாட்டுகிறார்கள், சுருக்கிச் சொல்கிறேன்.

எழுதுகிற தம்பி தங்கைகளே, கடைசிப் பக்கத்தில் எல்லாரையும் சிரிக்க வைக்காதீர்கள். வராத அண்ணன் வராமலே இருக்கட்டும். மறுநாள் காலையில் தங்கச்சி என்ன செய்தாள் என்று எழுதுங்கள். எழுதினால் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு ஒரு பிரதி கொடுங்கள். நன்றி, வணக்கம்.